அல்போன்ஸ் யாரைக் கொண்டு பிறந்தான்?

1

ஆகஸ்டு மாதம் எங்கள் கார் தொழிற்சாலை மூடிக் கிடக்கும். பிரெஞ்சுக்காரன் பதினொரு மாதம் வேலை பார்ப்பதே இந்த ஒரு மாதத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன். தெருமுனை ரொட்டிக் கடைக்காரன்கூட ஷட்டரை இறக்கிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டான். பாரிசுக்கு வெளியே, ஐந்தாம் மாடியில், நாங்கள் நாலு பேர் மட்டும் ஊர்க்காவல் மாதிரி உட்கார்ந்திருக்கிறோம். கீழேயிருந்து எங்கள் வீட்டுக்குத் தொண்ணூற்றிரண்டு படி. தினமும் எண்ணிப் பார்க்கிறேன், இதுவரை மாறவில்லை.

என் மனைவி பிலோமினா அடுப்படியில் இருக்கிறாள். மகள் ரெஜினாவுக்குப் பன்னிரண்டு வயது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள், திட்டினால் மட்டும் தமிழ் நன்றாகப் புரிகிறது. மகன் அல்போன்சுக்கு ஒன்பது வயது. சாப்பாட்டு மேசையில் சர்க்கரைக் கட்டிகளை வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டு, காலை வானொலியில் கேட்ட வானிலை அறிக்கையை அட்சரம் பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருக்கிறான். வடக்கே மேகமூட்டம், மேற்குக் கடற்கரையில் பலத்த காற்று. அறிவிப்பாளர் எங்கே இருமினாரோ அங்கே இவனும் இருமுகிறான்.

அவன் இந்த மேசையில் உட்கார்ந்திருப்பதே எனக்குக் கொண்டாட்டமாக இருக்கிறது. போன வருடம் இதே வாரத்தில், அவனை எங்களிடமிருந்து பிரித்துத் தூரத்து விடுதிக்கு அனுப்ப நாள் குறித்தாகிவிட்டது. சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான். இதே வாரத்தில்தான் நான் மரக்காணம் உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டு, பார்த்தவர்கள் எல்லாம் பைத்தியம் என்று நினைக்கும்படி சத்தம் போட்டேன். அந்தக் கதையை ஊர்க்காரர்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

2

அல்போன்சுக்கு இருப்பதை இங்கே ஆட்டிசம் என்கிறார்கள். நம்மூரில் அதற்குப் பெயரே கிடையாது, “அது ஒரு மாதிரி” என்பதோடு சரி. கூப்பிட்டால் திரும்பமாட்டான். முகத்தைப் பார்க்கமாட்டான். நாம் சொன்னதையே நமக்குத் திருப்பிச் சொல்வான். போன வழியிலேயே திரும்பி வராவிட்டால் நடுத்தெருவில் படுத்துவிடுவான். ஆனால் ஒரு தரம் கேட்டதை மறக்கமாட்டான்.

நான் பிரான்சுக்கு வந்தது என் அப்பாவின் புண்ணியத்தில். உப்பளத்து வேலை பிடிக்காமல் அவர் பாண்டிச்சேரிக்கு ஓடிப்போய்ப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார். அதனால் கிடைத்த பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் எனக்கு இந்த நாட்டின் கதவைத் திறந்தது. நான் முதலில் வந்தேன். அப்போது பிலோமினா மரக்காணத்தில் என் அக்கா வீட்டில் கர்ப்பமாக இருந்தாள். அல்போன்ஸ் அங்கே பிறந்தான். அவனுக்கு மூன்று வயது முடியும்போதுதான் நான் அவன் முகத்தையே பார்த்தேன்.

வந்த பிறகு ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினோம். என் அப்பா பெயர் என் பெயருக்கு முன்னால் நிற்கிறது, என் பெயர் பையன் பெயருக்கு முன்னால் நிற்கிறது. இது எப்படி ஒரே குடும்பம் ஆகும் என்று கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்த அம்மாளுக்கு விளங்கவில்லை. நாங்கள் மூன்று தலைமுறையும் ஒருவருக்கொருவர் சொந்தம் என்று நிரூபிக்கவே ஒரு குளிர்காலம் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு பெரிய டாக்டரிடம் அனுப்பினார்கள். வெள்ளைத் தாடி, மெதுவான குரல், கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவருக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. இங்கே பலருக்கும் அதே சித்தாந்தம்தான்: தாய் மனதார ஏற்றுக்கொள்ளாத பிள்ளைதான் இப்படித் தனக்குள் சுருங்கிக்கொள்ளும்.

பிலோமினாவுக்கு அப்போது பிரெஞ்சு வராது. ஆகவே துபாஷி நான். சும்மா சொல்லக்கூடாது, மிடுக்காகத்தான் செய்தேன். டாக்டர் பையனுக்கு அழகான கண்கள் என்றார். பிலோமினா பதறிப்போய், என்ன அழகு, கருவாடு மாதிரி இருக்கான் என்றாள். கண்ணு பட்டுவிடக்கூடாதே என்று எந்தத் தாயும் சொல்வதுதான். நான் கருவாட்டை அப்படியே மொழிபெயர்த்தேன். அவள் பெரியவர் முன்னால் மரியாதைக்காகத் தலையைக் குனிந்தே பேசினாள். அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் நான் செய்தது இருக்கிறதே, அதற்கு என்னைக் கட்டிவைத்து அடிக்கலாம். ரெஜினாவுக்கு அடுத்துப் பிறந்த ஒரு குழந்தை எங்களுக்குத் தங்கவில்லை. அதனால் அல்போன்ஸ் பிறந்ததும் பக்கத்து வீட்டு அஞ்சலைக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். நம்மூரில் தெரிந்த வழக்கம்தானே, இது இவர்கள் பிள்ளை இல்லை போலிருக்கிறது என்று சாவு ஏமாந்து போகட்டும் என்பதற்காக. நம் பண்பாட்டை வெள்ளைக்காரனுக்கு விளக்கும் உற்சாகத்தில், தாய் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றாள் என்று கணீரென்று சொன்னேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு நிறைய எழுதினார்.

பிலோமினா இன்னும் என்னென்னவோ சொன்னாள். மூச்சுவிடாமல் சொன்னாள். டாக்டருடைய நேரத்தை வீணாக்கக்கூடாது என்று நான் சுருக்கிச் சுருக்கி, வீட்டில் எல்லாம் நலம், கர்ப்பம் நலம், பிரசவம் நலம் என்று முடித்தேன்.

சில வருடம் வந்து போன பிறகு தீர்ப்பு வந்தது. பையனைத் தாயிடமிருந்து கொஞ்ச காலம் பிரித்து வைக்க வேண்டும். ரயிலில் அரை நாள் தூரத்தில் ஒரு விடுதி, செப்டம்பரில் சேர்க்கை, பார்க்கப் போவதற்கும் அனுமதி கேட்க வேண்டும். அவ்வளவு படித்தவர் தப்பாகவா சொல்வார் என்று கையெழுத்துப் போட்டேன். பிலோமினாவிடம் ஒரு நல்ல பள்ளிக்கூடம் என்று மட்டும் சொன்னேன். ஆனால் வீட்டில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாளே. ரெஜினா அந்தக் காகிதத்தை எடுத்து, தனக்குத் தெரிந்த உடைந்த தமிழில் அம்மாவுக்கு வரிவரியாகச் சொல்லிவிட்டாள்.

பிலோமினா சண்டை போடவில்லை. தட்டை வைத்து, சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றிவிட்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நான் பாசம் இல்லாதவளாங்க?”

இல்லை என்று சொல்லாமல் நான் சோற்றைப் பிசைந்தேன். சொல்லாத காரணத்தையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்: டாக்டர் சொன்னதை நான் பாதி நம்பியிருந்தேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், ஆஸ்பத்திரி வாசல் மிதிப்பதையும் நிறுத்திவிட்டாள்.

3

விடுதியில் சேர்க்குமுன் மூளை அலைகளைப் பதிந்து பார்க்க வேண்டும் என்று ஜூலையில் வேறொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான்தான் அல்போன்சைக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண், மிஞ்சிப்போனால் முப்பது வயது இருக்கும். பையன் தலையில் ஒட்டிய கம்பிகளை அவன் எண்ணி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். அப்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “இந்தப் பிள்ளை யாரைக் கொண்டிருக்கிறான்?”

ஐந்து வருடம் கழித்து ஒரு டாக்டர், யார் ஜாடை என்று நம்மூர்ப் பெண்கள் தொட்டிலை எட்டிப் பார்த்ததும் கேட்கும் கேள்வியைக் கேட்கிறார்!

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். இங்கிலாந்தில் இரட்டைப் பிள்ளைகளை வைத்து ஆராய்ந்திருக்கிறார்களாம். ஒரே கருவிலிருந்து பிரிந்து, அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் இரட்டையரில் ஒருவனுக்கு ஆட்டிசம் இருந்தால் மற்றவனுக்கும் இருப்பது, வெவ்வேறு கருவான இரட்டையரைவிட அதிகம். அப்படியானால் குடும்ப வழியாக ஏதோ வருகிறது. ஜீன் என்கிறார்கள், பெற்றோரின் வித்துக்குள்ளேயே எழுதி வரும் குறிப்பு. ஆனால் அச்சில் வார்த்தவர்களிலும் சில ஜோடிகளில் ஒருவனுக்கு மட்டும் இருக்கிறது. அப்படியானால் குறிப்பு மட்டும் போதாது. கருப்பைக்குள் இருந்த மாதங்களில் அல்லது பிறந்த வேளையில் அந்த ஒருவனுக்கு வேறு ஏதாவது நடந்திருக்கலாம். தாய்க்கு வரும் சில அம்மைக் காய்ச்சல்கள் கருவைத் தாக்கும் என்பதும் முன்பே தெரிந்ததுதானாம். இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் உங்கள் பையனுக்கு எது எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது என்றார்.

நான் கேட்டேன், தாயின் பாசம் இதில் எங்கே வருகிறது? இதில் எங்கும் வரவில்லையே என்றார், பேனாவைத் தேடிக்கொண்டே. அவர் பாட்டுக்குச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு நாற்காலி ஆடியது.

நாலு பக்கத் தாள் ஒன்று கொடுத்தார். முதல் பக்கம் அப்பா வழி, இரண்டாம் பக்கம் அம்மா வழி. மூன்றாம் நான்காம் பக்கங்கள் கர்ப்ப காலம், மாதா மாதம். செப்டம்பரில் பையனைப் பற்றிய கூட்டம் இருக்கிறது, அதற்குள் நிரப்பிக்கொண்டு வாருங்கள், நானும் வந்து பேசுகிறேன் என்றார். நான் அங்கேயே பேனாவை வாங்கி அப்பா வழியில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினேன். கர்ப்ப காலத்தில் ‘எல்லாம் நலம்’ என்று இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே கோடு போட்டேன். அக்கா எனக்கு எழுதிய நீலக் காகிதக் கடிதங்கள் அத்தனையும் அப்படித்தானே சொல்லின.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இதை உங்கள் மனைவி சொன்னாரா, நீங்கள் சொல்கிறீர்களா என்றார். இரண்டும் ஒன்றுதான் என்றேன். அவர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கொடுத்தார்.

4

ஊருக்குக் கடிதம் போட்டுக் கேட்டால் நடக்காது. கடிதத்தை யாராவது உரக்கப் படிப்பார்கள், தெருவே கேட்கும். ஆகஸ்டு லீவில் நானே கிளம்பினேன். பிலோமினாவிடம் காரணம் சொன்னேன். போங்க என்று தலையை மட்டும் ஆட்டினாள். சென்னையில் இறங்கி, திண்டிவனம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மரக்காணம் சேர்ந்தபோது உப்புக் காற்று முகத்தில் அடித்தது. அதை அனுபவிக்க எனக்கு நேரமில்லை. கைப்பையில் அந்தத் தாள் இருந்தது.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். நம் குடும்பத்தில் யாருக்காவது பேச்சு வராமல், புத்தி வேறு மாதிரி, பிடிவாதம் அதிகமாக ஏதாவது உண்டா என்று சொந்தக்காரர் வீடு வீடாகக் கேட்டேன். பிரான்சிலிருந்து ஒருவன் வந்து, கையில் காகிதத்தோடு, வம்சத்தில் குறை உண்டா என்று விசாரித்தால் நம்மூரில் என்ன அர்த்தம்? கல்யாணம்! பிரான்சில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறான், அவனுக்குப் பெண் தேட இவனை அனுப்பியிருக்கிறார்கள் என்று ஞாயிறு பூசை முடிவதற்குள் செய்தி பரவிவிட்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா? வருடம் முழுவதும் இழுப்பு வாங்கும் ஒரு சித்தப்பா, நான் இருந்த முக்கால் மணி நேரமும் மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்தார். மாறுகண் உள்ள மாமா ஒருவர் வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தார். போன வீட்டிலெல்லாம் கேசரி. ஒரு பெண்ணைப் பட்டுப் பாவாடை கட்டி என் முன்னால் நிறுத்திக் கணக்குச் சொல்லச் சொன்னார்கள். பிரான்சில் மாப்பிள்ளை யாரும் இல்லை என்று நான் சத்தியம் செய்யச் செய்ய, மாப்பிள்ளை பெரிய இடம் போலிருக்கிறது, அதான் மறைக்கிறான் என்றார்கள்.

என் லூர்து அக்காவே கைவிரித்துவிட்டாள். அவளுக்கும் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள்.

“நம்ம வம்சத்துல ஒரு தும்மலு கூட கெடையாது தம்பி. அப்டியே எழுதிக்கோ.”

பிலோமினா கர்ப்பமா இருந்தப்போ ஏதாவது நடந்ததா என்று கேட்டேன். அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, அதான் அப்பவே லெட்டர்ல எழுதினேனே, எல்லாம் சவுக்கியம்னு என்றாள். இரண்டு வாரம் ஓடிப்போயிற்று. தாளில் ஒரு எழுத்து ஏறவில்லை. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வெறும் தாளோடு போனால் தாடிக்கார டாக்டரின் கோப்பு மட்டும்தான் பேசும், பிள்ளை போய்விடுவான்.

5

திரும்புவதற்கு நாலு நாள் முன்பு, சவரிமுத்துப் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். என் அப்பாவின் அண்ணன். கல்யாணம் ஆகாதவர், எழுபதை நெருங்கினவர், இன்னும் உப்பளத்தில்தான் இருக்கிறார். ஒரு மரியாதைக்குப் பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் போனேனே தவிர, அந்தத் தாளுக்கும் அவருக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை. சின்ன வயதில் தினமும் அவருக்குத் தூக்கில் சோறு கொண்டுபோனவன் நான். பழகிய முகத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

காலை வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன. பெண்கள் உப்புக்கூடையைத் தலையில் சுமந்து வரப்பில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பெரியப்பா நீளக் கழியில் மாட்டிய பலகையால் பாத்தியிலிருந்து உப்பை வாரி வரப்போரம் குவித்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடம் கழித்து வந்த தம்பி மகனை அவர் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு, பஸ் கண்டக்டர் குரலில் ராகமாகச் சொன்னார்:

“திண்டிவனம், முருக்கேரி, மரக்காணம். மரக்காணம்லாம் எறங்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயதிலிருந்து கேட்டதுதான், யார் வந்தாலும் அவருடைய வரவேற்பு அதுதான். பஸ்ஸில் எப்போதோ கேட்டதை ஒரு எழுத்து மாறாமல் சொல்வார். பிறகு குவியல்களைப் பார்த்தேன். ஒரே உயரம், ஒரே இடைவெளி, ஒரே வரிசை. ஒரு குவியலின் ஓரத்தை என் கால் தட்டிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. பலகையைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து, அந்தக் குவியலைக் கையால் பழையபடி ஆக்கினார். ஆக்கி முடிக்கும்வரை உலகத்தில் நான் ஒருவன் இருப்பதையே மறந்துபோனார்.

சர்க்கரைக் கட்டி!

வாய்விட்டே கத்திவிட்டேன். என் வீட்டு மேசை, அல்போன்சின் விரல்கள், வானிலை அறிக்கை, இருமல், எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நின்றன. யாரைக் கொண்டிருக்கிறான், யாரைக் கொண்டிருக்கிறான் என்று ஊரெல்லாம் கேசரி தின்றுகொண்டு அலைந்தேனே, இதோ நிற்கிறார்! என் ரத்தம், என் அப்பா வழி, முதல் பக்கம்! உப்புச் சுமந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் வரப்பில் குதித்துக்கொண்டிருந்தேன் என்று பின்னால் சொன்னார்கள். பெரியப்பா மட்டும் கவலைப்படாமல் அடுத்த குவியலுக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண்களில் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அஞ்சலை. அல்போன்சைத் தவிட்டுக்கு வாங்கியவள்.

“என் புள்ள எப்டி இருக்குது?” என்றாள் முதல் கேள்வியாக.

அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பெரியப்பா மாதிரியே இருக்கிறான் என்றேன். இத்தனை வருடம் இவரை யாரும் ஒரு குறையுள்ளவர் என்று சொன்னதில்லையே என்றேன். அஞ்சலைக்குக் கோபம் வந்துவிட்டது. வேல செய்றாரு, கூலி வாங்குறாரு, எவன் வம்புக்கும் போறதில்ல, இதுல இன்னா கொற என்றாள்.

கர்ப்ப காலத்தைப் பற்றிக் கேட்டதும் அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மூன்றாம் மாதத்தில் பிலோமினாவுக்குக் காய்ச்சல் அடித்து, உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்து, நாலு நாள் கண்ணைத் திறக்கவில்லை. அஞ்சலைதான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். வெளிநாட்டில் இருக்கிறவனுக்குக் கெட்ட சேதி எழுதக்கூடாது, அவன் அங்கே தனியாகக் கிடந்து தவிப்பான் என்று அக்கா எழுதவில்லை. எட்டாம் மாதமே வலி எடுத்துவிட்டது. பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்து, வெகு நேரம் கழித்துத்தான் அழுதிருக்கிறான். அதனால்தான் அவ்வளவு அவசரமாகத் தவிட்டுக்கு விற்றார்களாம்.

வரப்பிலேயே உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து, உப்புக் கையோடு எழுதினேன். எழுத எழுதப் பேனா ஓடவில்லை, பறந்தது. அப்போ உங்க பெரியப்பனால வந்துதா, காய்ச்சலால வந்துதா என்று அஞ்சலை கேட்டாள். இரண்டும் சேர்ந்து இருக்கலாமாம், பிரித்துச் சொல்ல முடியாது என்று டாக்டரே சொல்கிறார் என்றேன். அவள் அதை ஒரு பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

“ஒரே தண்ணியதான் எல்லா பாத்திக்கும் வுடுறோம். ஒரு பாத்தில மட்டும் மழ தட்டினா உப்பு வேற மாதிரிதான் வரும். தண்ணியால வந்துச்சா மழையால வந்துச்சான்னு எவன் பிரிப்பான்?”

அல்போன்சை முறைப்படி திருப்பி வாங்காமலே நாங்கள் பிரான்சுக்குப் போய்விட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு முறம் தவிடு கொடுத்து மீட்டுக்கொள்ளட்டுமா என்றேன். அஞ்சலை சும்மாட்டை உதறித் தலையில் வைத்துக்கொண்டாள்.

“வேணாம். என் பேர்லயே இருக்கட்டும். எவனாவது புடுங்க வந்தான்னா, அது அஞ்சல புள்ள, அவள கேட்டுட்டு எடுத்துக்கோன்னு சொல்லு.”

6

திரும்பி வந்த அன்று தொண்ணூற்றிரண்டு படியையும் எண்ணாமல் ஏறினேன். பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு பிலோமினாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். பெரியப்பா, குவியல், காய்ச்சல், எட்டாம் மாதம், நீலம். உன்மேல் தப்பே இல்லை, என் வம்சம்தான், என் பக்கத்து ரத்தம்தான் என்று, லாட்டரி விழுந்தவன்போல் சொன்னேன். உலகத்தில் தன் வம்சத்துக் குறையை இவ்வளவு சந்தோஷமாக அறிவித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். இரண்டு மாதமாகப் பேசாதவள் பேசினாள்.

“அன்னைக்கு அந்த ரூம்லயே எல்லாம் சொன்னேங்க. காய்ச்சல சொன்னேன். புள்ள நீலமா பொறந்தத சொன்னேன். உங்க பெரியப்பா மாதிரியே செய்றான்னுகூட சொன்னேன். நீங்கதான் டாக்டருக்கு சொல்லல.”

எனக்கு அப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. சொன்னாள். ஆமாம், சொன்னாள். காய்ச்சல் என்று அவள் ஆரம்பித்தபோது, அக்கா கடிதத்தில் அப்படி இல்லையே, பெண்கள் எதையும் பெரிதாக்குவார்கள் என்று விட்டேன். பெரியப்பா பெயரை எடுத்தபோது, வெள்ளைக்காரன் முன்னால் என் குடும்பத்தை எதற்கு இழுக்கிறாள் என்று எரிச்சலோடு விட்டேன். தவிட்டை மட்டும் கணீரென்று சொன்னேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதையைச் சிறு வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் இருந்ததைக் கேட்காமல், ஆகாய விமானம் ஏறிப்போய்த் தேடினேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முதல்ல பெட்டிய எறக்கி வைங்க என்றாள். பிறகு, அந்தக் கூட்டத்துக்கு நானும் வர்றேன் என்றாள்.

7

செப்டம்பர் கூட்டத்தில் நீள மேசை. தாடி டாக்டர், அந்தச் சின்ன டாக்டரம்மா, விடுதியிலிருந்து ஒருவர், எழுதிக்கொள்ள ஒரு பெண். பிலோமினா நீலப் புடவை கட்டி வந்திருந்தாள். உட்காருமுன் என்னைப் பார்த்து, இந்த முறை ஒரு வார்த்தை விடக்கூடாது என்றாள். அதையே முதல் வாக்கியமாக மொழிபெயர்த்தேன்.

அவள் முதல் மாதத்திலிருந்து தொடங்கினாள். தலைசுற்றல், புளிப்பு, காய்ச்சல், தடிப்பு, அஞ்சலை காய்ச்சிய கஞ்சி, நீலம் பாரித்த பிள்ளை, அந்த முதல் அழுகை. நான் கஞ்சியைக்கூட விடவில்லை. நடுவில் குரல் உடைந்தது, அவளுக்கு இல்லை, எனக்கு. தவிட்டுக்கு வந்தபோது அவள் தலையை நிமிர்த்தித் தாடி டாக்டரின் முகத்தை நேராகப் பார்த்தாள். முந்தின புள்ள செத்துப்போச்சு, இதுவும் போயிடுமோன்னு பயந்து, இது என்னுதில்லன்னு சாவுகிட்ட பொய் சொன்னேன், வேணாம்னு விக்கல என்றாள். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டாள்.

தாடி டாக்டர் தன் பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்தார். தன் சித்தாந்தத்தை அவர் விடவில்லை, அப்படிச் சொன்னால் பொய். ஆனால் இதெல்லாம் ஏன் என்னிடம் அன்றே சொல்லப்படவில்லை என்று கேட்டார். சொல்லப்பட்டது, நான் விட்டுவிட்டேன் என்றேன். நான் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். டாக்டரம்மா உடனே அதற்கான தாளை என் பக்கம் தள்ளினார், முன்பே தயாராக வைத்திருந்தார் போலிருக்கிறது. அல்போன்ஸ் வீட்டிலிருந்தே பகல் நேரப் பள்ளிக்குப் போகலாம், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பார்ப்போம் என்று முடிவாயிற்று. நான் மேசைக்கு அடியில் பிலோமினாவின் கையைப் பிடித்தேன். விடுங்க, பாக்கறாங்க என்றாள். அதையும் மொழிபெயர்த்தேன்.

டாக்டரம்மா தாளை வாங்கி முதல் பக்கத்தைத் திருப்பினார். அப்பா வழி, சவரிமுத்துப் பெரியப்பா. இவரைத் தவிர அந்தப் பக்கத்தில் வேறு யாராவது உண்டா என்று கேட்டார். நான் பிலோமினாவிடம் கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். வருடக்கணக்காகக் காணாத ஒரு சிரிப்பு அவள் உதட்டோரத்தில் வந்தது.

“எங்க வூட்டுக்கு தொண்ணூத்திரண்டு படி. இவரு தெனமும் எண்ணுறாரு. ஒரு படி வுட்டுப்போச்சுன்னா கீழ போயி மறுபடியும் ஏறி வர்றாரு. எழுதிக்கச் சொல்லுங்க.”

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.